கவுண்டி நிதி வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்

டெக்சஸில் ஹூஸ்டன் பக்கம், குறிப்பாக ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சுகர்லேண்ட், மிசோரி சிட்டி, கேட்டி, ரிச்மண்ட் என்று எங்கே இருந்தாலும் சரி, வீட்டில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். புயல் நிவாரணமும் கவுண்டி மானியமும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் எங்கள் வட்டாரத்தில் பல குடும்பங்களிடம் பணம் வாங்கிப் போயிருக்கிறார். நாங்கள் நடத்தும் சின்ன மூத்தோர் குழுவையும் விடவில்லை. பணம் போனது ஒரு பக்கம். அவர் சிலருக்கு நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் அவர்களுடைய விசாவுக்கே உலை வைக்கக்கூடியது. அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் மட்டகோர்டா அருகே கரையைக் கடந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் போனது. எங்கள் வீட்டுப் பின்பக்க ஓக் மரத்தின் பெரிய கிளை ஒடிந்து கூரையில் விழுந்து, ஷிங்கிள் பெயர்ந்து, மாடி அறையின் சீலிங் ஊறி உப்பிப் போயிருந்தது. அந்த வெயிலில் ஏசி கிடையாது. ஃப்ரிட்ஜில் இருந்த மாமனாரின் இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். அதே போலத்தான் தெருவில் எல்லா வீடும்.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், நல்ல தமிழ். நாங்கள் வேலைக்குப் போயிருந்தபோது மாமனாரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "கவலையே படாதீங்க அங்கிள். ஃபெமா பணம் தனி, கவுண்டி பணம் தனி. கமிஷனர் ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு. ரெண்டையும் நான் பாத்துக்கறேன், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க." கோப்புக் கட்டணம் என்று 450 டாலர். வரும் பணத்தில் 10 சதவீதம் தனியாக. மாமனார் ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்ற வசதி மூலம் அனுப்பிவிட்டார். சோஷியல் செக்யூரிட்டி எண், கிரீன் கார்டு இரண்டு பக்கமும், வங்கிக் கணக்கு விவரம் எல்லாமே டேப்லெட்டில் ஏறிவிட்டது. மாமனாரை நான் குறை சொல்ல மாட்டேன். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் காசு கொடுத்தே பல காரியம் முடித்த தலைமுறை அவருடையது. அரசாங்கப் பணம் என்றால் நடுவில் ஓர் ஆள் இருப்பார் என்பது அவர்களுக்கு இயல்பாகவே படுகிறது. இந்த ஆளுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் பகல் நேரமாகப் பார்த்துத்தான் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறார்.

ஃபெமா என்பது பேரிடர் உதவி தரும் மத்திய அரசு அமைப்பு. அதற்கு விண்ணப்பிக்க ஒரு பைசா செலவு இல்லை. இணையத்திலேயே போடலாம், அல்லது 1-800-621-3362 என்ற எண்ணைக் கூப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். சேதம் பார்க்க வரும் ஆய்வாளர் படத்துடன் கூடிய அரசு அட்டை காட்டுவார். பணம் கேட்கவே மாட்டார். 2024 மார்ச்சிலிருந்து, உணவு, மருந்து போன்ற அவசரத் தேவைக்கு என்று ஒரு தொகை தருகிறார்கள். பெரில் நேரத்தில் அது 750 டாலர். ஒரு வீட்டுக்கு ஒரு விண்ணப்பம்தான். நாங்கள் போட உட்கார்ந்தபோது, இந்த முகவரிக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். கேட்டு வாங்கிப் பார்த்தால், மாமனார்தான் வீட்டுச் சொந்தக்காரர் என்று போட்டிருந்தது. போனில் இருந்த பெண்மணி பணம் போகவேண்டிய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தார். அது எங்கள் வீட்டில் யாருடைய கணக்கும் இல்லை. அந்த 750 டாலர் அங்கேதான் போயிருந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் அடுத்த தெருக் குடும்பத்துக்கு நடந்தது. கணவனுக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த எச்4. குழந்தை இங்கே பிறந்தது. ஃபெமாவின் பண உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற தகுதியுள்ள குடியேறிகளுக்கும்தான். எச்1பி, எஃப்1 என்ற மாணவர் விசா, சுற்றுலா விசா இவற்றில் இருப்பவர்கள் தங்கள் பெயரில் வாங்க முடியாது. ஆனால் வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள 18 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது முறையான வழி, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்துக்கு இந்த வழி திறந்தே இருந்தது. அந்த ஆளோ அதை விட்டுவிட்டு, கணவர் பெயரிலேயே போட்டு, குடியுரிமை கேட்கும் உறுதிமொழியில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறார். கையெழுத்து அந்தத் தம்பியுடையது. டேப்லெட்டில் கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டி வாங்கியது.

அந்த உறுதிமொழி பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டது. பேரிடர் நிவாரணத்தில் மோசடி செய்தால் கூட்டாட்சிச் சட்டப்படி 30 ஆண்டு வரை சிறை. அதைவிட, குடிமகன் அல்லாத ஒருவர் தன்னைக் குடிமகன் என்று சொல்லிப் பலன் கேட்பது குடியேற்றச் சட்டத்தில் மன்னிப்புக்கு வழி மிகக் குறைந்த குற்றம். பத்துப் பன்னிரண்டு வருடம் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு அந்த ஒரு டிக் போதும். அவர் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கி, நடந்ததை எழுத்தில் கொடுத்திருக்கிறார். உங்களுக்கும் யாராவது இப்படி நிரப்பியிருந்தால் அதை மறைத்து வைக்காதீர்கள். பணம் கைக்கு வரவில்லை என்றாலும் விண்ணப்பம் பதிவில் இருக்கிறது. முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள், அப்புறம் ஃபெமாவுக்குப் போன் செய்யுங்கள்.

இந்த ஆள் கூடவே கூரை போடுகிற ஒரு கூட்டத்தையும் அனுப்பினார். பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும் என்றார்கள். நல்லவேளை, மனைவி வீட்டில் இருந்ததால் அது நடக்கவில்லை. டெக்சஸில் பேரிடர் அறிவிக்கப்பட்ட இடத்தில், அந்தக் கவுண்டியிலோ பக்கத்துக் கவுண்டியிலோ ஓராண்டாவது கடை வைத்திராத ஒப்பந்ததாரர் வேலை தொடங்கும் முன் பணம் கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இன்சூரன்ஸ் டிடக்டிபிளை, அதாவது நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, தள்ளுபடி செய்கிறேன் என்பதும் 2019 முதல் சட்டவிரோதம்.

இனி எங்கள் குழுவின் கதை. சனிக்கிழமைகளில் பெரியவர்களைக் கூட்டி, மதியச் சாப்பாடு போட்டு, கொஞ்சம் யோகா, கொஞ்சம் பாட்டு, டாக்டரிடம் போக வண்டி இல்லாதவர்களை அழைத்துப் போவது என்று நடத்துகிறோம். வரிவிலக்குள்ள லாப நோக்கற்ற அமைப்புக்கான 501(சி)(3) பதிவு உண்டு. நெய்வேலியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர்தான் தலைவி. பெரில் முடிந்து சில மாதம் கழித்து இதே ஆள் அவரிடம் போய், கவுண்டியின் சமூக மானியத்தில் 25,000 டாலர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மானியம் கேட்கும் அமைப்புகளுக்கான மத்திய அரசு எண் பதிவுக்கு 600 டாலர், விண்ணப்பம் எழுத 1,200 டாலர். உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்தும் இருபதுமாகக் கொடுத்துச் சேர்த்த பணம் அது.

2025 தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. என் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே கவுண்டி முத்திரை, ஓரமெல்லாம் கலங்கலாக, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது போல. குழுவின் பெயர் எங்குமே இல்லை, 'அன்புள்ள பயனாளி' என்றுதான் ஆரம்பம். 'கவுண்டி ஜட்ஜ் உங்கள் மானியத்தை நேரடியாக அனுமதித்துள்ளார்' என்று ஒரு வரி. பணம் விடுவிக்க 875 டாலர் 'விடுவிப்புக் கட்டணம்' என்று இன்னொரு வரி. பதில் அனுப்பச் சொன்ன மின்னஞ்சல் ஜிமெயில். கூட்டத் தேதி இல்லை, தீர்மான எண் இல்லை, ஒப்பந்தம் இல்லை.

டெக்சஸில் கவுண்டிப் பணம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தவர் யாரும் இதை நம்ப மாட்டார். நம்மில் பலருக்கு அது தெரியாது, எங்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கமிஷனர்ஸ் கோர்ட் என்பது வழக்கு நடக்கும் இடம் அல்ல. கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் உட்கார்ந்து கவுண்டியின் வரவு செலவை முடிவு செய்யும் சபை அது. ஃபோர்ட் பெண்டுக்கு அது ரிச்மண்டில் கூடுகிறது. புயல் வந்தால் கவுண்டி ஜட்ஜ் தனியாகவே பேரிடர் அறிவிக்கலாம், ஆனால் 7 நாளுக்கு மேல் அது நீடிக்க அந்தச் சபையின் ஒப்புதல் வேண்டும். அறிவிப்புக்கே இப்படி என்றால் பணத்துக்குக் கேட்கவே வேண்டாம். டெக்சஸ் அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு 52ஆவது விதி, கவுண்டி தன் பொதுப் பணத்தை எந்தத் தனியாருக்கும் சும்மா தூக்கிக் கொடுப்பதைத் தடுக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புக்குக் கொடுப்பதென்றால் பொதுப் பயன் என்ன என்று எழுதி, ஒப்பந்தம் போட்டு, சபை பகிரங்கமாக வாக்களித்துத்தான் கொடுக்க முடியும். ஒரு கமிஷனரோ, ஜட்ஜோ, அவர் அலுவலகத்தில் இருக்கும் 'நம்ம ஆளோ' நேரடியாக அனுமதிக்கவே முடியாது.

எங்களைப் போன்ற குழுவுக்குப் பொருந்தும் மானியம் பெரும்பாலும் 1974 சட்டத்தில் தொடங்கிய சமூக வளர்ச்சித் தொகுதி மானியம்தான். ஹட் எனப்படும் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை வருடாவருடம் கவுண்டிக்குக் கொடுக்கிறது. அதில் மூத்தோர் சாப்பாடு, போக்குவரத்து மாதிரியான பொதுச் சேவைகளுக்குப் பொதுவாக 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஆகவே போட்டி கடுமை. விண்ணப்பக் காலத்தைக் கவுண்டி அறிவிக்கும், பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கும். கிடைத்தாலும் பெரும்பாலும் நீங்கள் முதலில் செலவு செய்து, ரசீது காட்டி, அப்புறம்தான் பணம் திரும்ப வரும். 'விடுவிப்புக் கட்டணம்' என்ற சங்கதியே கிடையாது. 600 டாலர் வாங்கிய அந்த மத்திய அரசு எண்ணும் மத்திய அரசின் சாம் டாட் கவ் (SAM.gov) தளத்தில் முழுக்க இலவசம்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, கமிஷனர்ஸ் கோர்ட்டின் பழைய நிகழ்ச்சி நிரல்களையும் கூட்டக் குறிப்புகளையும் தேடினோம். எல்லாம் கவுண்டி இணையதளத்திலேயே இருக்கின்றன. கூட்டத்துக்குச் சில நாள் முன்பே நிரல் வெளியாகிவிடும். எங்கள் குழுவின் பெயரை எங்கே தேடியும் இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ள கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கேட்டோம். அப்படி ஒரு பொருள் வரவே இல்லை என்று அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார். எங்களுக்காக விண்ணப்பமே போகவில்லை என்று சமூக வளர்ச்சித் துறையில் சொன்னார்கள். தலைவி அம்மா அன்றைக்கு என்னிடம், "நான்தானே எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கினேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இந்த நிலையைக் கொண்டுவந்தவர் மீது எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2024 புயல்களுக்கான மறுசீரமைப்புப் பணம் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. ஹட் 2025 ஜனவரியில் ஹூஸ்டன் நகரத்துக்கு மட்டும் 31 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஹாரிஸ் கவுண்டிக்கும் மாநிலத்துக்கும் தனித்தனியாக உண்டு. ஹூஸ்டன் நகரத்தின் முதல் வரைவுத் திட்டத்தில் வீடு பழுதுபார்க்க ஒன்றுமே இல்லை. மக்கள் கூட்டங்களுக்கு வந்து கேட்ட பிறகுதான் அதற்கும் கொஞ்சம் ஒதுக்கினார்கள். ஹார்வி புயலுக்குப் பிறகும் இதே தாமதம்தான், 2017இல் மூழ்கிய வீடுகளுக்கான பணம் வருடக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. இந்த நீண்ட இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். 'பெரில் பணம் வந்தாச்சு, உங்க பேர் லிஸ்ட்ல இருக்கு' என்று போன் வருவதாக ஏற்கெனவே மூன்று நான்கு குடும்பங்கள் சொல்லிவிட்டன.

யாராவது அப்படிச் சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தத் தேதிக் கூட்டத்தில், நிரலில் எத்தனையாவது பொருளாக இது முடிவானது? பதில் வந்தால் நீங்களே இணையதளத்தில் பாருங்கள். கூட்டத்துக்கு நேரில் போய் நிரலில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் பேசும் உரிமை 2019 முதல் டெக்சஸில் சட்டப்படி உண்டு. குடிமகனாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

ஏற்கெனவே விவரம் கொடுத்தவர்கள் இன்று ராத்திரியே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் பதிவு நிறுவனங்களிலும் உங்கள் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட்டை முடக்குங்கள். இலவசம்தான், ஆனால் மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கும் சேர்த்துச் செய்யுங்கள். பேரிடர் மோசடிகளுக்கான தேசிய மையத்தின் எண் 866-720-5721. நாங்கள் அங்கேயும் உள்ளூர் போலீஸிலும் புகார் கொடுத்துவிட்டோம். ஸெல்லில் போன பணத்தைத் திருப்பித் தர வங்கி மறுத்துவிட்டது. மாமனார் பெயரில் இருந்த விண்ணப்பம் இப்போது மோசடி விசாரணையில் இருக்கிறது, எங்களுடையது அது முடியும் வரை நகராது. இந்த ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் ரசீது, ஸெல் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். தனித்தனியாகப் போவதைவிடப் புகார்கள் ஒன்றாகப் போனால் நல்லது என்று விசாரிக்கும் அதிகாரியே சொல்லியிருக்கிறார்.