மகாசி முறையா, கோயங்கா முறையா: கொழும்பில் விபஸ்ஸனா தொடங்குபவருக்கு

கொழும்பில் விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானத்தைப் பழகிப் பார்க்க நினைக்கும் தமிழர் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு வாசல்களில். இரண்டுமே பர்மாவில் இருந்து வந்தவை. ஒன்று மகாசி சயாடோ (1904–1982) என்ற பிக்கு பரப்பிய முறை. மற்றது, தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் பயின்ற எஸ். என். கோயங்கா (1924–2013) 1969இல் இந்தியாவில் நடத்தத் தொடங்கிய பத்து நாள் வகுப்பு. எது அசல் புத்தர் வழி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அதிலும் நம்மூருக்குப் பங்குண்டு: 1950களில் மகாசி முறை இலங்கைக்கு வந்தபோது, மூச்சை மூக்கில் பார்க்காமல் வயிற்றில் பார்ப்பது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டவர்களில் பம்பலப்பிட்டி வஜிராராமய விகாரைத் தேரர்கள் சிலரும் இருந்தார்கள். எனக்கு முக்கியம் வேறு. திங்கட்கிழமை கந்தோருக்குப் போகவேண்டிய ஒருவருக்கு எது கைகொடுக்கும்?

முதலில் லீவுக் கணக்கு. கோயங்கா வகுப்பு பத்து நாள் என்றாலும், போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்தால் 12. சனி ஞாயிறைக் கழித்தாலும் குறைந்தது எட்டு வேலை நாள் போகும். வருடத்துக்கு 14 நாள் லீவு உள்ளவருக்கு இது சின்னத் தொகை இல்லை. கொஸ்கமவிலும் பேராதனைப் பக்கத்திலும் நிலையங்கள் இருக்கின்றன. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்கமாட்டார்கள். முடித்தபின் விரும்பினால் கொடுக்கலாம். மகாசி வழியில் 1956இல் தொடங்கிய கந்துபொட நிலையம் டெல்கொடப் பக்கம் இருக்கிறது. கொழும்பு 7, விஜேராம மாவத்தையிலும் ஒரு விபஸ்ஸனா நிலையம் உண்டு. போயா லீவில் போய் அறிமுகமாகிக்கொள்ள இது வசதி. ஆனால் முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பயிற்சியின் உள்ளே போனால் வித்தியாசம் இன்னும் பெரிது. கோயங்கா வகுப்பில் அதிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாள் மூக்குத் துவாரத்தில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நாலாம் நாளில் இருந்து உச்சந்தலை தொடங்கிப் பாதம் வரை உடம்பின் உணர்ச்சிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அதோடு அதிட்டானம் என்று ஒன்று வரும்: ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் அசைக்காமல் இருக்க முயல்வது, நாளுக்கு மூன்று தடவை. முழங்கால் கொதிக்கும். வலியை வெறுக்காமல் பார்க்கப் பழகுவதுதான் அங்கே பாடம், பலரைத் திருப்பிப் போட்டுவிடுவதும் அதுதான். மகாசி முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து மனதுக்குள் பெயர் சொல்கிறீர்கள். வலி வந்தால் "வலி, வலி". தாங்கமுடியாவிட்டால், அசைய விரும்புவதையும் குறித்துக்கொண்டு மெல்லக் காலை மாற்றலாம். இருக்கை ஒரு மணி நேரம், நடை ஒரு மணி நேரம் என்று மாறி மாறிப் போகும். இந்த நடையை மட்டமாக நினைக்காதீர்கள். கணினி முன்னால் நாள் முழுக்கக் குந்தியிருந்துவிட்டு வருகிறவருக்கு அதுதான் தூக்கத்தை விரட்டும்.

மொழி விஷயத்தில் கோயங்கா முறை கை ஓங்கியது. போதனையே ஒலிப்பதிவில் நடப்பதால் தமிழிலும் கேட்கமுடியும். விண்ணப்பிக்கும்போதே கேட்டு வையுங்கள். மகாசி முறையில் உயிர்நாடி, ஆசிரியரிடம் நேரில் அனுபவத்தைச் சொல்லித் திருத்தம் வாங்குவது. அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான சிங்களத்தை வைத்துக்கொண்டு, "மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது" என்று ஹாமதுருவுக்கு (பிக்குவுக்கு) விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. மனதுக்குள் பெயர் சொல்வது மட்டும் தமிழிலேயே இருக்கட்டும்.

சைவ, கத்தோலிக்க வீட்டார் கவனிக்க: கோயங்கா வகுப்பு நடக்கும் நாட்களில் பூசை, மந்திரம், செபமாலை, விரதம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நேர்ந்து கட்டிய நூல்கூடக் கொண்டுபோகக் கூடாது. மதம் மாறச் சொல்வதில்லை, கலக்காதே என்பதுதான். கந்தசஷ்டி பிடிக்கிறவர் அந்த நாட்களுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

வீட்டுக்குத் திரும்பியபின் என்ன ஆகும் என்பதை வைத்தே நான் தீர்ப்புச் சொல்வேன். கோயங்கா முறை காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி கேட்கிறது. வெள்ளவத்தை ஃபிளட்டில், பிள்ளைகளின் டியூஷனுக்கும் சமையலுக்கும் நடுவில், இதைக் காப்பாற்றுகிறவர்கள் குறைவு. மகாசி முறை கரையோர ரயில் சத்தத்தையே "கேட்கிறது" என்று குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்பும். மாடிப் படியில், விகாரமகாதேவி பூங்காவில், கால் மணி நேரம் கிடைத்தாலும் செய்யலாம். அதனால் புதியவருக்கு என் ஓட்டு மகாசிக்குத்தான். தனியாக விட்டால் ஒன்றும் செய்யமாட்டேன் என்று தன்னைத் தெரிந்தவர் மட்டும் நேரே பத்து நாளுக்குப் போகலாம். போனை வாங்கி வைத்துக்கொண்டு பேச்சையும் நிறுத்தும் அந்தக் கட்டுப்பாடு அவருக்கு உதவும். யூடியூப் பதிவை மட்டும் நம்புவதை மூன்றாவது வழியாக நான் எண்ணவில்லை. பிழையாகச் செய்தால் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் எந்த நிலையத்துக்குப் போவதற்கு முன்னும் வைத்தியரிடம் பேசுங்கள், விண்ணப்பத்திலும் மறைக்காதீர்கள். நாள் முழுதும் மௌனமாக உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து மனநோய் பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டு, ஐந்தாம் நாள் அவதிப்படுவதில் பிரயோசனமில்லை.