கியர் கன்சோலைக் கழற்ற வாங்கிய நைலான் நெம்பு செட்: மூன்று மாத அனுபவம்

சித்திரை கடைசியில் திருச்செந்தூர் போனவர்கள் அப்படியே உடன்குடி வரை போய்ப் பதநீர் குடித்தோம். பட்டையில் ஆளுக்கு இரண்டு தடவை குடித்தது போக, வீட்டில் இருக்கும் ஆச்சிக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டோம். பாட்டிலைக் கியருக்கு முன்னால் இருக்கும் கப் ஹோல்டரில் நான்தான் வைத்தேன். மூடி சரியாக இறுகவில்லை. ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட, பாட்டில் சாய்ந்தது. நான் நிமிர்த்துவதற்குள் பாதிப் பதநீர் கியர் கவர் வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

மேலே துடைத்ததோடு சரி என்று விட்டுவிட்டோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் பதநீர் புளிக்காமல் நிற்கிறது. கார்ப்பெட்டில் ஊறி, திருநெல்வேலி வெயிலில் பூட்டிய வண்டிக்குள் கிடந்தால் எத்தனை நாளைக்கு நிற்கும்? மூன்றாம் நாள் கதவைத் திறந்ததும் கள் வாடை. ஐந்தாம் நாள் ஹேண்ட் பிரேக் ஓரமாக எறும்பு வரிசை.

எங்கள் வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், இசட்டிஐ. அப்பா ரிட்டையர் ஆகும்போது வாங்கியது. இப்போது பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன். ஒரு பட்டறையில் கேட்டேன். கன்சோலை, அதாவது முன் சீட்டுகளுக்கு நடுவில் கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூட்டை, கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட 1,500 ரூபாய், வண்டியை இரண்டு நாள் விடவேண்டும் என்றார்கள். பணத்தைவிட எனக்கு வேறு கவலை. சில வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் ஸ்டீரியோ மாற்றக் கொடுத்தபோது, தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, ஃபிரேமில் இரண்டு பள்ளம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை பாட்டை மாற்றக் கை நீட்டும்போதும் அந்த இரண்டு பள்ளமும் கண்ணில் படும். நாமே பொறுமையாகச் செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

ஆன்லைனில் தேடி, பிளாஸ்டிக் பேனல் கழற்றும் நெம்பு செட் ஒன்றை 380 ரூபாய்க்கு வாங்கினேன். பெரிய பிராண்ட் எதுவும் இல்லை. நீல நிற நைலான் துண்டுகள் நான்கு, கிளிப் பிடுங்க இரும்பில் ஒரு குறடு, கூடவே இலவசமாக ஒரு குட்டி ஸ்டார் டிரைவர். எல்லாம் ஒரு ரெக்சின் பையில் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இரண்டு விரல் அகலத்தில், முனை உளிபோலச் சரிந்து, பிடிப்பக்கம் லேசாக வளைந்த ஒரு துண்டு இருக்கிறது. கொடுத்த காசு மொத்தமும் அதற்கே தகும். பேனலும் பேனலும் சேரும் இடுக்கில் அதைச் செருகி, மணிக்கட்டை மெதுவாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் கிளிப் ‘டொக்’கென்று விடும். ஸ்க்ரூடிரைவர் என்றால் முழு பலமும் அரிசி அளவு இடத்தில் இறங்கும், அதனால்தான் பள்ளம் விழுகிறது. இது அகலமாக இருப்பதால் பாரம் பரவிவிடுகிறது. முனையும் இரும்பு இல்லை, அதிகம் போனால் அதுவே கொஞ்சம் தேயும். நான் நெம்பிய இடம் எது என்று இப்போது கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது.

ஆனால் ஒன்று. பையிலிருந்து எடுத்ததும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். முனையில் கட்டை விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்தபோது நின்ற பிசிறு, மயிரிழை கனத்தில் ஒரு வரம்பு போலத் தட்டுப்படும். வழவழப்பான பேனலில் அந்த வரம்பு கோடு போட்டுவிடும். 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நாலு இழுப்பு இழுத்தேன். நகம் வழுக்கிக்கொண்டு போகிற வரை தேய்த்தால் போதும்.

வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். நேரமும் முக்கியம். பிளாஸ்டிக் கொஞ்சம் சூடாக இருந்தால் வளைந்து கொடுக்கும், குளிர்ந்து விறைத்திருந்தால் கிளிப்பின் கால் ஒடியும். எங்கள் ஊரில் குளிருக்குப் பயப்பட வேண்டாம், மதிய வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். அந்தச் சூட்டில் பேனல் துவண்டு நெளிந்துவிடும். காலை இளவெயிலில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி, அப்புறம் வேப்பமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டேன்.

ஹேண்ட் பிரேக்கை ஏற்றி இறக்கித்தான் கன்சோலை வெளியே எடுக்க முடியும். அதனால் நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். அடுத்து, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது. ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பல வண்டிகளில் இந்தக் கன்சோலுக்குக் கீழேதான் தரையில் போல்ட் போட்டு இருக்கும். விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக அது கொஞ்சம் மின்சாரத்தைத் தன்னிடமே பிடித்து வைத்திருக்கும். அது வடிய நேரம் கொடுக்க வேண்டும். எங்கள் மாடலில் ஏர்பேக் உண்டு. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம் என்பதால் அதற்குப் பின் வந்த எல்லாக் கார்களுக்கும் இது பொருந்தும். ஏர்பேக் ஒயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளரைப் பார்த்தால் தொடாமல் கையை எடுத்துவிடுங்கள். அதைப் பிடுங்கிவிட்டுச் சாவியைப் போட்டால் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும், பிறகு ஸ்கேனர் வைத்து அழிக்கக் கடைக்குத்தான் போகவேண்டும். இன்னொன்று, சில ஸ்டீரியோக்கள் பேட்டரி போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் எழுதிய அட்டை கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடிகாரம் மட்டும்தான் அழிந்தது.

அடுத்தது கியர் நாப். மறை போட்டு மாட்டியது, இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். பத்து வருடம் உள்ளங்கை வியர்வை ஏறிய நாப் என்பதால் முதல் சுற்றுக்கு மட்டும் துணி சுற்றித் திருக வேண்டியிருந்தது. கியர் கவரின் சட்டத்தை அந்த அகல நெம்பு ஒரே நெம்பில் விடுவித்தது.

திருகுகளில்தான் தடுமாறினேன். இலவசமாக வந்த ஸ்டார் டிரைவரை முதல் திருகில் வைத்ததுமே வழுக்கியது. இரண்டாம் தடவை அழுத்தியபோது திருகின் தலையில் வெள்ளியாக மினுக்கம் தெரிந்தது. பள்ளம் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டேன். தலை முழுக்க மழுங்கிவிட்டால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு கருவிக் கடைக்காரர் ஞாயிறு காலையிலும் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பார். அவரிடம் நல்ல இரும்பில் இரண்டாம் நம்பர் ஸ்டார் டிரைவர் ஒன்று 140 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அதே திருகு ஒரு அழுத்தில் வந்தது. இந்தச் செட்டில் எனக்கு உள்ள பெரிய குறை இந்த டிரைவர்தான். அதைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். புதிதாகச் செய்கிறவர் அதை நம்பி நல்ல திருகைக் கெடுத்துக்கொள்வார்.

சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால் முன்பக்கத் திருகுகள் தெரியும், முன்னால் தள்ளினால் பின்பக்கத் திருகுகள். எத்தனை, எங்கே என்பது வண்டிக்கு வண்டி, வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் எண்ணிக்கை சொல்ல மாட்டேன். வழிமுறை மட்டும் சொல்கிறேன். பேனல் ஓரிடத்தில் வர மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே ஒரு திருகு ஒளிந்திருக்கும். எங்கள் வண்டியிலும் அப்படி ஒன்று ரப்பர் விரிப்புக்கு அடியில் இருந்தது. நான் கொஞ்சம் இழுத்துப் பார்த்திருந்தால் அந்தத் திருகு பிடித்திருந்த பேனலின் காது ஒடிந்திருக்கும்.

கழற்றிய திருகுகளை இட்லித் தட்டில் குழி குழியாகப் போட்டேன். முதலில் கழற்றியது முதல் குழி, அடுத்தது அடுத்த குழி. ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம். அம்மா தட்டைத் தேடி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அப்பாதான் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, இத மறுபடி மாட்டத் தெரியுமா ஒனக்கு?”

“மாட்டிருவேன்ப்பா. எல்லாம் வரிசையா இருக்கு பாருங்க.”

பிறகு அவரும் இறங்கி வந்து டார்ச் பிடித்தார்.

குறுகலான நெம்பும் கொக்கி நெம்பும் சுமாரான உதவி. சார்ஜர் சாக்கெட்டுக்குப் போகும் கப்ளரின் பூட்டை அழுத்திப் பிடிக்கக் கொக்கி பயன்பட்டது. கப்ளரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, உடம்பைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். இரட்டைப் பல் நெம்பு என்று ஒன்று இருக்கிறதே, பட்டன் கிளிப்பின் கழுத்தில் மாட்டித் தூக்குவதற்கு, அது மூன்றாவது கிளிப்பிலேயே ஒரு பல் ஒடிந்துபோனது. ஒடிந்த இடத்தைப் பார்த்தேன், உள்ளே கடுகு அளவில் காற்றுக் குமிழ். வார்ப்பில் வந்த குறை. மீதிக் கிளிப்புகளை இரும்புக் குறடால் எடுத்தேன். குறடு உறுதியானது, ஆனால் பேனலில் படாமல் இருக்கக் கீழே ஒரு துணி கொடுக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை முழுக்க ஏற்றி, கன்சோலின் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்ததும் மொத்தமும் வெளியே வந்தது. கீழே கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பதநீர் காய்ந்து, ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. நடுவில் தொட்டால் ஒட்டும் பழுப்புப் பாகு. எறும்புகள் அதைச் சுற்றித்தான் இருந்தன. கூடவே ஏழு நாணயம், திருநீற்றுப் பொட்டலம் ஒன்று, அம்மாவின் கம்மல் திருகாணி. திருகாணி தொலைந்து நாலு வருடம் ஆகிறது. கல்யாண வீட்டில் விழுந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுத்தம் செய்யத் தண்ணீர் ஊற்றவே இல்லை. பக்கத்திலேயே ஏர்பேக் பெட்டி, ஒயர்கள். வெந்நீரில் துணியை நனைத்து, சொட்டுச் சிந்தாதபடி பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தேன். பாகு என்பதால் வெந்நீருக்கு இளகியது. சுண்ணாம்புக் கோட்டுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு துடைப்பு, அப்புறம் வெறும் வெந்நீரில் இரண்டு. டேபிள் ஃபேனைக் கதவோரம் வைத்து மூன்று மணி நேரம் காயவிட்டேன். கன்சோலைத் தனியாகச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன்.

மாட்டும்போது இரண்டு விஷயம். பேனலில் இருக்க வேண்டிய உலோகக் கிளிப்புகளில் சில எதிர்ப்பக்கத் துளையிலேயே தங்கிவிடும். அவற்றைக் குறடால் எடுத்து, பேனலின் காலில் மாட்டிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பேனல் உட்காராது, வண்டி ஓடும்போது கடகடக்கும். இரண்டாவது, பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை எடுத்த எடுப்பில் வலப்பக்கம் திருகாதீர்கள். முதலில் மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். ஓரிடத்தில் ‘டிக்’கென்று சிறு பள்ளத்தில் விழுவதுபோல் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் பழைய மறையிலேயே ஏறும். அப்படிச் செய்யாமல் புது மறை வெட்டிக்கொண்டே போனால் இரண்டு மூன்று தடவைக்குள் துளை பெருத்து, திருகு நிற்காமல் சுற்றும். இறுக்குவதும் உறைத்து நின்றதும் நிறுத்துகிற அளவுதான்.

மாலை நாலரைக்கு பேட்டரியை மாட்டிச் சாவி போட்டேன். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைந்தது. அந்தச் சில நொடி அப்பாவும் நானும் பேசவில்லை. இட்லித் தட்டில் எதுவும் மிச்சமில்லை.

மூன்று மாதமாக வாடை இல்லை, எறும்பு இல்லை, கடகடப்பும் இல்லை. அந்த அகல நெம்பால் பிறகு ஸ்டீரியோ ஃபிரேமையும் கழற்றி, பள்ளம் விழுந்ததை மாற்றிவிட்டேன். கதவு பேனலில் ஸ்பீக்கர் மாற்ற அத்தான் செட்டை வாங்கிப் போய் ஒரு வாரம் வைத்திருந்தார், அவரும் குறை சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அகல நெம்பும் குறடும் இல்லாமல் இந்த வேலையை நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஒன்றரையைக் கழித்தது ஒடிந்த பல்லுக்கும் அந்த டிரைவருக்கும். வாங்குவதாக இருந்தால் நல்ல ஸ்டார் டிரைவருக்குத் தனியாக 140 ரூபாய் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பார்சல் வந்த அன்றே இரட்டைப் பல் நெம்பை வெளிச்சத்தில் பிடித்து, பல்லின் அடியில் குமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். நான் மாற்றிக் கேட்பதற்குள் அவர்கள் கொடுத்திருந்த ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது.