85,000 ரூபாவுக்கு "நிற்காத" சேர்வர்: ஏமாறாதீர்கள்

பரந்தனில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கு, முல்லைத்தீவுப் பக்கத்து முகவர்கள் கைபேசியில் அனுப்பும் ஓடர்கள் முதலில் ஒரு மெசேஜ் கியூ சேர்வரில் வரிசையாக நின்று, பிறகே கணக்கு மென்பொருளுக்கு வரும். அந்தச் சேர்வரையும் ஓடர் அனுப்பும் செயலியையும் அமைத்து ஒரு வருடம் பராமரிப்பதாகச் சொன்ன நிறுவனத்துக்கு 85,000 ரூபாவை முற்பணமாகவே கட்டினோம்.

காசு வாங்க முன், அவர்களுடைய ஆள் கடைக்கே வந்து, அரிசி மூடைக்கு மேல் மடிகணினியை வைத்து, கறுப்புத் திரையில் 'அப்டைம்' (எவ்வளவு காலம் நிற்காமல் ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) என்று அடித்து, 200 நாட்களுக்கு மேலாக ஓடுவதாக வந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "பாருங்கோ அண்ணை, இது நிற்கிற சாமானில்லை" என்றார். நம்பாமல் இருக்க எந்தக் காரணமும் அப்போது இருக்கவில்லை.

சென்ற வாரம் ஓர் இரவு வந்த ஓடர்கள் விடிய ஒன்றுகூட இல்லை. கேட்டபோது முதலில் எங்கள் இணைய இணைப்புப் பிழை என்றார்கள். பிறகு முகவர்களின் கைபேசி பிழை என்றார்கள். பிறகு பொறியியலாளர் லீவு என்றார்கள். சேர்வர் கடைசியாக எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு மட்டும் அதே 'அப்டைம்' படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள்.

சண்டை பிடித்துக் கடவுச்சொல்லை வாங்கி, வவுனியாவில் கணினி வேலை செய்யும் மருமகனிடம் கொடுத்தபோதுதான் விடயம் வெளித்தது. அந்த 'அப்டைம்' கட்டளை சொல்வது இயந்திரம் தொடங்கி எவ்வளவு காலம் என்பதை மட்டும்தான். அதற்குள் ஓடும் மெசேஜ் கியூ மென்பொருள் விழுந்து எழும்பினாலும் அந்த எண் அசையாது. எங்களுடைய மெசேஜ் கியூ மென்பொருளின் பெயர் ராபிட்எம்க்யூ. 'ராபிட்எம்க்யூசிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கேட்டால் அது எத்தனை விநாடிகளாக ஓடுகிறது என்று தனியே காட்டும். அந்த விநாடிகளை 3,600 ஆல் பிரித்து மணித்தியாலமாக்கிப் பின்னோக்கி எண்ணினால், ஓடர்கள் காணாமற்போன அதே இரவுதான் வந்தது. நடந்ததை மென்பொருள் தானே எழுதி வைக்கும் லாக் கோப்பும் அதையே சொன்னது. வரிசையை 'டியூரபிள்' (மறுதொடக்கத்துக்குப் பிறகும் இருக்கும் வரிசை) ஆகவும் செய்திகளைப் 'பெர்சிஸ்டன்ட்' (வட்டில் எழுதி வைக்கப்படுபவை) ஆகவும் அமைத்திருந்தால் வரிசையில் நின்றவை மறுதொடக்கத்தைத் தாண்டியிருக்கும். இரண்டையும் அவர்கள் செய்யவில்லை.

85,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டால், ஒப்பந்தத்தில் "இயந்திரம்" என்றுதான் இருக்கிறதாம், இயந்திரம் நிற்கவில்லையாம்! அரிசி கேட்ட கடைக்காரர்கள் வேறு ஆலைக்குப் போன நட்டம் இதில் சேராது.

ஆகவே முழுக் காசையும் முதலே கட்டாதீர்கள். இயந்திரத்தின் அப்டைமைக் காட்டினால் மென்பொருளின் அப்டைமைக் கேளுங்கள். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். பிரச்சினை வந்த அன்றே லாக் கோப்பைப் பிரதி எடுங்கள், பழையவை அழிந்துவிடும்.