நாலு மாரி தாண்டிய கயிறு: ஏ.டி.வி. வின்ச்சில் கம்பியைக் கழற்றிய பிறகு

மட்டக்களப்பில் ஏ.டி.வி. என்றால் பாசிக்குடாக் கடற்கரையில் சுற்றுலா வந்தவர்கள் ஓட்டித் திரிகிற நாலு சில்லு வண்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். என்னுடையதும் அங்கே ஓடிக் களைத்ததுதான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சுற்றுலா படுத்துப் போனபோது வைத்திருந்தவர் விற்றார், நான் வாங்கினேன். இப்போது அது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், ஆயித்தியமலைப் பக்கம் எங்கள் வயல் வட்டைக்குள் உரப் பையும் மருந்து அடிக்கிற மெசினும் சுமக்கிறது.

முன்பக்கத்தில் ஒரு வின்ச் இருந்தது, மோட்டரால் கம்பியைச் சுற்றி இழுக்கிற கருவி. வாங்கும்போது அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதல் மாரியிலேயே வண்டியைவிட அதுதான் தேவை என்று தெரிந்துவிட்டது. உன்னிச்சைக் குளத்து வான்கதவும் திறந்து, மேலே மழையும் நின்று பெய்தால் எங்கள் கிறவல் பாதை களியாகிவிடும். புதைந்த லான்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லு உழவு மெசினை, எடுக்க முன்பெல்லாம் ஆறு பேரைக் கூப்பிட வேண்டும். வின்ச் வந்த பிறகு நானும் தம்பியும் போதும்.

வின்ச்சின் அளவு 2,500 இறாத்தல், அதாவது 1,134 கிலோ. அதில் 4.8 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி 15 மீற்றர் சுற்றியிருந்தது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்த கம்பி. இழை இழையாக அறுந்து முள்ளாக நிமிர்ந்து நிற்கும். கையுறை போட்டாலும் உள்ளங்கையில் சிலாம்பு ஏறாமல் ஒரு நாளும் வேலை முடிந்ததில்லை. 2021 கார்த்திகையில் அச்சு வரை புதைந்த லான்ட்மாஸ்டர் ஒன்றை இழுக்கும்போது அறுந்தது. சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் இடது பக்க விளக்கு இல்லை. அந்தப் பக்கம் தம்பி நிற்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே கம்பியைக் கழற்றிப் போட்டேன்.

கம்பிக்குப் பதிலாகச் செயற்கை நார்க் கயிறு கொழும்பிலிருந்து பஸ்ஸில் பொதியாக வந்தது. 5 மில்லிமீற்றர், 15 மீற்றர். கம்பியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. தூக்கிப் பார்த்தபோது ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றியது. கம்பி ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருந்தது, இது கால் கிலோ. வயலைப் பார்த்துக்கொள்கிற எங்கள் முல்லைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்ன மனே, இரும்பக் கழட்டிப்போட்டுத் தூண்டில் நூலக் கட்டுறாய்?”

பார்வைக்கு மீன்பிடிக் கயிறு மாதிரித்தான். ஆனால் இது நைலோன் இல்லை. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் பொலிஎதிலீன் நார். கடையில் தருகிற சொப்பிங் பையும் இதுவும் ஒரே குடும்பம். இதன் மூலக்கூறுகள் மிக நீளமானவை, எல்லாம் ஒரே திசையில் நீட்டி அடுக்கப்பட்டவை, அதுதான் வித்தியாசம். நல்லதும் கெட்டதும் அந்தக் குடும்ப வழியிலேயே வருகின்றன. தண்ணீரில் மிதக்கும், துருப்பிடிக்காது, இழுத்தால் பெரிதாக நீளாது. சூடு மட்டும் ஆகாது: 150 பாகை செல்சியசை நெருங்கும்போதே உருகிவிடும், 70 பாகைக்கு மேல் போக விடாதீர்கள் என்கிறார்கள் செய்பவர்கள். விலையைப் பார்த்துவிட்டு வள்ளக்காரர் கடையில் நைலோன் கயிறு வாங்கிச் சுற்றலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம். நைலோன் ரப்பர் மாதிரி நீளும். அறுந்தால் கம்பிக்குச் சளைக்காமல் திருப்பி அடிக்கும்.

சரி, பூட்டிய கதைக்கு வருவோம். நான் விட்ட பிழைகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் பிழை ரோலர். கம்பி வெளியே வருகிற வாயில் நாலு ரோலர் இருக்கும். இரண்டு வருடம் அந்தக் கம்பி அவற்றை அறுத்துப் பள்ளமாக்கி, ஓரமெல்லாம் பிசிறு எழுப்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, பழைய துணியை வைத்துத் தேய்த்தால் நூல் மாட்டும். நான் தேய்த்துப் பார்க்கவில்லை. மூன்றாவது இழுவையில் கயிறு பூனை வால் மாதிரிப் புசுபுசுவென்று ஆகிவிட்டது. பிறகுதான் ரோலரைக் கழற்றிவிட்டு, வாய் மழுங்கிய அலுமினியத் துண்டு ஒன்று போட்டேன். ஹோஸ் ஃபெயார்லீட் என்று விற்கிறார்கள். நடுவில் நீள்வட்டத் துளை, அவ்வளவுதான், சுற்றுகிற பாகம் ஒன்றும் இல்லை. ரோலர் புதிதாக இருந்தாலும், சாய்வாக இழுக்கும்போது மெல்லிய கயிறு இரண்டு ரோலரின் மூலைக்குள் போய் நசிபடும். கயிறு வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே வாங்குங்கள். கம்பி சுற்றியிருந்த டிரம்மையும் மெல்லிய அரத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். ஒரு முறை கயிறு போட்ட வாயில் மறுபடி கம்பியை ஓட்டவும் கூடாது.

இரண்டாவது, சுற்றிய விதம். கையாலேயே நிதானமாக, அழகாக நூல்கட்டை போலச் சுற்றி வைத்தேன். முதல் பாரமான இழுவையில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கிடையில் புதைந்து இறுகிவிட்டது. அப்புறம் வெளியே விடுகிற பொத்தானை அழுத்தினால், கயிறு வெளியே வருவதற்குப் பதில் எதிர்ப்பக்கமாக உள்ளே சுற்றுகிறது. மழையில் நின்று அரை மணித்தியாலம் தோண்டி எடுத்தேன். சரியான முறை இது: கொழுக்கியை ஒரு மரத்தில் மாட்டி, வண்டியில் ஓர் ஆளை ஏற்றி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போக விட வேண்டும். அந்த இறுக்கத்தில் சுற்றினால் ஒன்றுக்குள் ஒன்று புதையாது. எங்கள் வீட்டுப் புளியமரம் இதற்கென்றே வளர்ந்தது மாதிரி நிற்கிறது.

டிரம்மில் குறைந்தது பத்துச் சுற்று எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். கம்பிக்கு ஐந்து போதும் என்பார்கள். இந்த நார் வழுக்கும், பிடி குறைவு. டிரம்மில் இருக்கிற சின்னப் போல்ட்டு கயிறு கழன்று போகாமல் வைத்திருக்கத்தானே தவிரப் பாரம் தாங்க அல்ல. தாங்குவது அந்தச் சுற்றுகளின் பிடிதான். பெயின்ட் அடித்தால் நார் விறைக்கும் என்று, பதினோராவது சுற்று தொடங்குகிற இடத்தில் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துக் கோத்து வைத்தேன். சிவப்பு கண்ணில் பட்டால் கையை எடுக்க வேண்டும். நாலு வருடமாக அந்த வழக்கம் அப்படியே இருக்கிறது. சுற்றும் திசையையும் பாருங்கள். என்னுடையதில் டிரம்முக்குக் கீழ்ப்பக்கமாகக் கயிறு போக வேண்டும்; மாற்றிச் சுற்றினால் இழுக்கும், ஆனால் பிரேக் பிடிக்காது.

முடிச்சுத்தான் எனக்குப் பெரிய பாடம். அறுந்த கயிற்றை யாரும் முடிச்சுப் போட்டுத்தானே சேர்ப்பார்கள்? இதில் முடிச்சுப் போட்டால் வழுக்கிக் கழரும், கழராவிட்டால் அந்த இடத்தில் வலு அரைவாசிக்கும் கீழே போகும். வாவியில் முப்பது வருடம் தொழில் செய்த எங்கள் மாமா, வள்ளக் கயிறு பிணைப்பதில் கை தேர்ந்தவர், தனக்குத் தெரிந்த மாதிரி மூன்று தரம் பின்னித் தந்தார். மூன்று தரமும் இழுத்த இழுவைக்கு வழுவி வந்தது. “இது கயிறில்ல, விலாங்கு” என்று எழுந்து போய்விட்டார். விஷயம் என்னவென்றால் இது பன்னிரண்டு புரி, நடுவில் பொள்ளல். நுனியைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் புதைக்க வேண்டும். இழுக்க இழுக்க வெளிப்புரி இறுகி உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். புதைக்கும் நீளம் கயிற்றின் தடிப்பைப் போல 72 மடங்கு. 5 மில்லிமீற்றருக்கு 36 சென்ரிமீற்றர். நுனிப் புரிகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து எலிவால் போலக் கூராக்கிவிட்டுத்தான் நுழைக்க வேண்டும், பிறகு அந்த இடத்தை நூலால் தைக்க வேண்டும். ஊசிக்குப் பதில் வெறும் பேனாக் குழாய். மூன்று நாலு தரம் செய்தால் கை பழகிவிடும். வயலில் நின்றபடியே பத்து நிமிடத்தில் அறுந்ததைச் சேர்த்துவிடலாம். கம்பியில் இது நடக்கிற காரியமா?

இனிக் கயிறு கெட்ட கதைகள். இழுக்கும்போது இது ஒரு தரமும் அறுந்ததில்லை. கெட்டதெல்லாம் வேறு வழியில்.

2022 சிறுபோக அறுவடைக்கு முன், நெல்லுக்கென்று செய்த சின்ன இழுவைப் பெட்டியைக் குளக்கட்டின் சரிவில் வின்ச்சால் மெல்ல மெல்ல இறக்கிப் பார்த்தோம். இழுப்பதற்கு இருக்கிற கருவியை இறக்கப் பயன்படுத்தினேன். இந்த மாதிரிச் சின்ன வின்ச் பலவற்றில் பிரேக் டிரம்முக்குள்ளேதான் இருக்கிறது. பாரத்தோடு வெளியே விட்டால் அது உராய்ந்து சூடாகும், டிரம் கொதிக்கும். அடிச் சுற்று இரண்டு மீற்றர் மினுமினுவென்று விறைத்துப் போயிருந்தது. மினுமினுத்தால் உடனே பயப்பட வேண்டாம்: கையால் வளைத்து வளைத்துப் பாருங்கள், அழுத்தத்தால் வந்தது என்றால் இளகிவிடும். எனக்கு இளகவில்லை. வெட்டினேன். அடுத்த கயிற்றுக்கு முதல் சுற்றுகளில் சூடு தாங்கும் உறை போட்டேன், பாரம் இறக்குவதையும் விட்டுவிட்டேன்.

அதே வருடம் பெற்றோல் தட்டுப்பாடு. வண்டி வாரக் கணக்கில் கொட்டிலில் கிடந்தது. பெற்றோல் கிடைத்து வெளியே எடுத்தால், டிரம்மின் மேல் சுற்று மூன்று இடத்தில் கடிபட்டிருக்கிறது. எலி! பக்கத்தில் நெல் மூட்டை இருக்க, இந்தப் பிளாஸ்டிக்கில் அதற்கு என்ன ருசியோ. எந்த விளம்பரத்திலும் எலியைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்போது வின்ச்சுக்கு ஒரு தகரப் பெட்டி மூடி செய்து போட்டிருக்கிறேன். நம்முடைய வெயிலில் நார் நரைத்துப் பொடியாவதையும் அந்த மூடியே தடுக்கிறது.

மணல்தான் நாளாந்தத் தொல்லை. களி வெளியே காய்ந்து உதிர்ந்துவிடும். நுண்மணல் புரிகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு இழுவையிலும் உள்ளுக்குள் அறுக்கும். ஒவ்வொரு போகமும் முடிய முழுவதையும் கழற்றி வாளியில் ஊற வைத்து, சவர்க்காரம் இல்லாமல் அலசி, நிழலில் காயப் போடுகிறேன். கம்பிக்கு இந்தச் சீராட்டு தேவையில்லை. இது பிடிக்காதவர்கள் கம்பியோடேயே இருக்கலாம், தப்பில்லை.

வேலையில் எப்படி என்றால், தண்ணீர் நிற்கிற வயலில்தான் இதன் அருமை தெரியும். கம்பி சேற்றுக்குள் அமிழ்ந்து போகும், காலால் துழாவ வேண்டும். இது மேலே மிதக்கிறது. கொழுக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்து போகலாம். எங்கள் இடத்தில் பெரிய சிக்கல் கட்டுவதற்கு மரம் இல்லாமைதான். மூன்று அலவாங்கை ஒரே வரிசையில் சாய்வாக அடித்து, முன்னதன் தலையைப் பின்னதன் அடியோடு இறுகக் கட்டிவிட்டால் ஓரளவு தாங்கும். ஒற்றை அலவாங்கு பிடுங்கிக்கொண்டு வரும். கப்பி ஒன்று கட்டாயம் வாங்குங்கள்: கயிற்றை இரட்டையாக்கினால் இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வேகம் பாதி. வின்ச்சின் 1,134 கிலோ என்பதும் டிரம்மின் அடிச் சுற்றுக்கு மட்டும்தான். மேல் சுற்றுகளில் வலு குறையும். கிட்டத்தில் நின்று இழுப்பதைவிடத் தள்ளி நின்று நிறையக் கயிறு விட்டு இழுப்பதில் அதனால் லாபம் உண்டு.

அறுந்தால் அடிக்காது என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். கயிறு பாரமற்றது, அது பொத்தென்று விழும். ஆனால் மறுமுனையில் ஷக்கிள் வளையமோ கொழுக்கியோ பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த இரும்பு பறக்கும். இப்போதும் நடுக் கயிற்றில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடாமல் நான் பொத்தானில் கை வைப்பதில்லை.

முதல் கயிறு வெட்டி வெட்டி ஒன்பது மீற்றராகிவிட்டது. 2023 தையில் இரண்டாவது வாங்கினேன். அது இன்னும் முழு நீளத்தில் டிரம்மில் இருக்கிறது, நிறம்தான் போய்விட்டது. பழையது இரு முனையிலும் கண் வைத்து, எட்டாத இடத்துக்கு நீட்டுக் கயிறாகப் பெட்டியில் கிடக்கிறது. அதில் ஒரு துண்டு மாடு கட்டத் தா என்று முல்லைக்காரர் ஒவ்வொரு போகமும் கேட்கிறார், நான் கொடுப்பதில்லை.

கழற்றிய உருக்குக் கம்பியை மனைவி கொல்லையில் கொடியாகக் கட்டினாள். வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றிலும் தோள் நெடுகத் துருக் கறை. போன மாதம் அதுவும் அவிழ்ந்து பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.