பி0715 கோட் வந்தால் சென்சாரை மாற்றுவதா, முதலில் அளந்து பார்ப்பதா?

ஆட்டோமேட்டிக் கார் திடீரென ஒரே கியரில் நின்றுவிடுகிறது, வேகம் ஏற மறுக்கிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0715, அதாவது இன்புட் ஸ்பீடு சென்சார், கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் வேகத்தை அளப்பது. உடனே எல்லாரும் செய்வது என்ன? புது சென்சார் வாங்குவது. நானும் வாங்கினேன். மாட்டி, கோட்டை அழித்து, ஆகா முடிந்தது என்று இருந்தால் மூன்றாம் நாள் அதே கோட். அப்புறம்தான் கனெக்டரைக் கழற்றி உற்றுப் பார்த்தேன், ஒரு பின்னில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. பழைய சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை.

இந்தக் கோட் சொல்வது "சென்சார் செத்துவிட்டது" என்று அல்ல, "இந்த சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை" என்று மட்டும்தான். சென்சார், வயர், கனெக்டர், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் எல்லாமே அந்த சர்க்யூட்டில் அடக்கம். கடைசி எண்ணையும் கவனியுங்கள்: 0717 என்றால் சிக்னலே இல்லை, 0718 என்றால் விட்டுவிட்டு வருகிறது, 0716 என்றால் சிக்னல் வருகிறது ஆனால் கணக்கு இடிக்கிறது. 0720 முதல் 0723 வரை இதே கதை அவுட்புட் பக்கத்து சென்சாருக்கு, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் வேகத்தை அளப்பதற்கு. பி0700 மட்டும் வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் இன்னொரு கோட் இருக்கிறது என்று பொருள், அதைப் படிக்க இன்ஜின் கோட் மட்டும் காட்டும் மலிவான புளூடூத் கருவி பல கார்களில் உதவாது.

சரி, நேராக மாற்றும் வழி. சென்சார் கியர்பாக்ஸுக்கு வெளியே ஒரே போல்ட்டில் நிற்கிறது, 0717 அழித்த உடனேயே திரும்ப வருகிறது, கனெக்டரும் சுத்தமாக இருக்கிறது என்றால் இந்த வழியைக் குறை சொல்ல மாட்டேன், அரை மணி நேர வேலை. ஆனால் 0718-க்கு இதைச் செய்வது இருட்டில் கல் எறிவதுதான், விட்டுவிட்டு வரும் கோளாறு பெரும்பாலும் வயரிலோ கனெக்டரிலோதான் ஒளிந்திருக்கும். கழற்றிய சென்சாரின் முனையையும் பாருங்கள். காந்தம் உள்ள வகையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், மாவு போல லேசாக இருந்தால் துடைத்து மாட்டிப் பார்க்கலாம், செதில் செதிலாக இருந்தால் சென்சாரை விடுங்கள், உள்ளே கியரோ பேரிங்கோ தேய்கிறது.

அளந்து பார்க்கும் வழிதான் என் கட்சி. முதலில் மல்டிமீட்டர் கூட வேண்டாம், ஸ்கேனரின் லைவ் டேட்டா (அந்தந்த நொடியின் அளவுகள்) போதும், ஆனால் கோட்டை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேமை, அதாவது கோட் விழுந்த நேரத்து அளவுகளின் பதிவை, குறித்துக்கொள்ளுங்கள், அழித்தால் அதுவும் போய்விடும். பார்க்கிங்கில் இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் இன்புட் ஆர்பிஎம் இன்ஜின் ஆர்பிஎம்மை ஒட்டியே நிற்கும். டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நின்றால் அது பூஜ்யத்துக்கு இறங்கும். இதைப் பார்த்துவிட்டு "சென்சார் போச்சு" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு, ஆனால் டி-யில் வண்டி நிற்கும்போது இன்புட் தண்டைச் சுற்றும் டர்பைனும் (டார்க் கன்வர்ட்டரின் உள்சக்கரம்) நிற்கத்தானே செய்யும்? ஓடும்போது கணக்கு எளிது: மூன்றாம் கியரின் விகிதம் 1.4, அவுட்புட் 1000 என்றால் இன்புட் 1400 பக்கம் இருக்க வேண்டும். திடீரென பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் மின் கோளாறு. விழாமல், நிலையாகவே 1400-க்குப் பதில் 1700 காட்டினால் கிளட்ச் வழுக்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள், அதற்கு எந்த சென்சாரும் மருந்தல்ல.

அப்புறம் மல்டிமீட்டர். இரண்டு வயர் உள்ள பழைய காந்தச் சுருள் வகை என்றால் ஓம்ஸ் அளக்கலாம், சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை இருக்கும், உங்கள் காருக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். சூடாக இருக்கும்போதும் அளங்கள், குளிரில் ஒழுங்காக இருக்கும் சுருள் சூட்டில் அறுந்துவிடுவது உண்டு. மூன்று வயர் ஹால் வகையில் (சுருளுக்குப் பதில் காந்தப்புலத்தை உணரும் சிப் உள்ளது) ஓம்ஸ் பார்ப்பது வீண், அங்கே பார்க்க வேண்டியது 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ சப்ளை வருகிறதா, எர்த் சரியா என்பதுதான். இரண்டு வயரிலும் ஹால் வகை உண்டு என்பதால் வயரை எண்ணி மட்டும் முடிவெடுக்காதீர்கள். வயரில் கன்டினியூட்டி இருப்பதாலேயே அது நல்ல வயர் ஆகிவிடாது, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். இன்ஜின் ஓடும்போது லைவ் டேட்டாவை விரித்து வைத்துக்கொண்டு ஹார்னஸை, அதாவது வயர்க்கட்டை, மெல்ல ஆட்டிப் பாருங்கள், திரையில் ஆர்பிஎம் துள்ளினால் திருடன் அங்கேதான்.

மூன்றாவது, கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் பட்டறை. செலவு அதிகம், ஆனால் சென்சார் உள்ளே இருக்கும் வண்டிகளுக்கு இதுதான் நியாயம். மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸில் ஸ்பீடு சென்சார்கள் உள்ளேயிருக்கும் கண்டக்டர் பிளேட்டோடு (மின் இணைப்புகள் பதித்த தட்டு) சேர்ந்தே வரும், ஆயில் பேனை இறக்காமல் தொட முடியாது. அதே கியர்பாக்ஸில் கனெக்டரின் சீல் கசிந்து, ஆயில் வயருக்குள்ளேயே ஏறி கம்ப்யூட்டர் வரை போய்ச்சேரும், சென்சார் நன்றாக இருக்கும்போதே கோட் வரும். இப்படிப்பட்ட வண்டியில் நானாக இருந்தால் கம்ப்யூட்டர் பக்கத்து பிளக்கைக் கழற்றி ஆயில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மீதியை அவர்களிடம் விட்டுவிடுவேன். பேனை நாமே இறக்கிவிட்டு, மாடல் வாரியாகச் சொல்லப்பட்ட ஆயில் சூட்டில் லெவல் பார்க்காமல் ஊற்றினால், சென்சார் கோளாறு கியர்பாக்ஸ் கோளாறாகிவிடும்.

ஆக என் வரிசை இதுதான்: லைவ் டேட்டா, கனெக்டர், வயர், கடைசியில் சென்சார், உள்ளே இருக்கும் வகை என்றால் கனெக்டரோடு நிறுத்திக்கொண்டு பட்டறை. எந்த வழியில் சரிசெய்தாலும் கோட்டை அழித்துவிட்டு எல்லா கியரும் விழும்படி, ஆயில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள், பிறகு பெண்டிங் கோட் (இன்னும் விளக்கை எரியவிடாமல் காத்திருக்கும் கோட்) இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நான் அன்று வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு ஸ்கேனரை மூடி வைத்தேன், அதனால்தான் மூன்று நாள் கழித்துத் தெரிந்தது.