வெல்ஷில் ‘போனேன்’: ‘ஏஸ் ஈ’ சொல்வதா, ‘நேஸ் ஈ வின்ட்’ சொல்வதா?

வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷைப் படிப்பவர்கள் ‘மின்ட்’ (போதல்) என்ற வினையின் இறந்தகாலத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். காரணம் பழையது. ‘மின்ட்’ என்பது இடைக்கால ‘மினெட்’டின் சுருக்கம், பிரான்சின் பிரித்தானி பகுதியில் பேசும் பிரெத்தோன் மொழியின் ‘மோன்ட்’ அதன் உறவு. இறந்தகால வடிவங்களோ லத்தீன் ‘அகெரே’வுக்கு உறவான வேறொரு வேரிலிருந்து வந்தவை. அதனால் ‘மின்ட்’டைப் பார்த்து ‘ஏஸ்’ஸை ஊகிக்க முடியாது.

மனப்பாடம்
ஏஸ் ஈ: ஏஸ் (நான்), எஸ்ட் (நீ), ஆய்த் (அவன், அவள்) என ஆளுக்கு ஆள் மாறும்.
நேஸ் ஈ வின்ட்: ‘செய்தேன்’ என்ற துணைவினையோடு வரும். அதுவும் நேஸ், நெஸ்ட், நாய்த் என்றே போவதால் உழைப்பு மிச்சமில்லை. ஆனால் அதே துணைவினை ஏறக்குறைய எல்லா வினைக்கும் உதவும்.

ஒலித்திரிபு
வெல்ஷில் சில இடங்களில் சொல்லின் முதல் ஒலி மாறும்; அதுதான் இது.
ஏஸ் ஈ: வினையில் திரிபு இல்லை.
நேஸ் ஈ வின்ட்: ‘மின்ட்’டின் மகரம் வகரமாகும். எதிர்மறையில் ‘இல்லை’ என்னும் ‘திம்’ குறுக்கே வந்தால் திரியாது: ‘நேஸ் ஈ திம் மின்ட்’. பலர் இங்கேயும் ‘வின்ட்’ என்று பிசகுவார்கள்.

ஊர்ப்பெயர்
‘பாங்கோர் என்ற ஊருக்குப் போனேன்’ என்பது ‘ஏஸ் ஈ இ வாங்கோர்’ (இங்கே பகரம் வகரமாகிறது). முதல் ‘ஈ’ நான், அடுத்த ‘இ’ ‘-க்கு’ என்ற வேற்றுமைப் பொருள் தரும் சொல். எழுதும்போது ஒன்றை விழுங்கிவிடுவது வழக்கமான பிழை. நீண்ட வடிவில் (‘நேஸ் ஈ வின்ட்’) நடுவே ‘வின்ட்’ வருவதால் இந்தச் சிக்கல் இல்லை.

‘போனாயா?’ என்ற கேள்வி எந்த வடிவில் வந்தாலும் பதில் ‘டோ’ (ஆம்) அல்லது ‘நாதோ’ (இல்லை)தான்.

பேச்சைச் சீக்கிரம் தொடங்க நீண்ட வடிவம் போதும். வாசிக்க, எழுத ‘ஏஸ்’ தவிர்க்க முடியாதது. வேல்ஸின் வடக்கில் இதே பொருளில் ‘தரு மீ வின்ட்’ என்றும் காதில் விழலாம். அந்தத் ‘தரு’ நான், நீ, அவன் என யாருக்கும் மாறாது.