186,500 ரூபா போச்சு: வில்லிஸ் ஜீப்புக்கு "பெட்டி பிரிக்காத" பாகம் தேடுகிறவர்கள் கவனம்

நேற்று இரவுதான் உறுதியானது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று சும்மா இருந்துவிடுவேன்.

பழைய ராணுவ வாகனப் பாகம் விற்கும் ஒரு சமூக வலைத்தளப் பக்கம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இரண்டாம் உலக யுத்தகாலத்து வில்லிஸ் ஜீப் வைத்திருக்கிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரியே விளம்பரம் போடுகிறார்கள். வாங்கியது இரண்டே சாமான். 6 வோல்ட் ரெகுலேட்டர், அதாவது ஜெனரேட்டரின் வோல்ட்டை அடக்கி வைக்கிற, நம்ம கராஜ் பாஸ்மார் கட்-அவுட் என்று சொல்கிற பெட்டி, 64,000. துணி சுற்றிய முழு வயரிங் செட் 118,000. கூரியருக்கு 4,500. ஆக 186,500 ரூபா, அத்தனையும் முன்கூட்டியே வங்கியில் போட்டது.

எங்கே விழுந்தேன் தெரியுமா? விலையில் இல்லை, ஒரு கேள்வியில். "உங்க ஜெனரேட்டர் ஜி.இ.ஜி. 5002தானே சேர்? 6லயே இருக்கா, இல்ல யாராவது 12க்கு மாத்திட்டாங்களா?" என்று விற்கிறவன் கேட்டான். ஜீப்பைப் பிரித்துப் பார்க்காதவன் வாயில் இந்தக் கேள்வி வராது. இவன் ஆள் தெரிந்தவன் என்று மனசு இறங்கிவிட்டது. பழுப்பு மெழுகுத்தாள் சுற்றிய பெட்டியின் படம், மூடியில் வி.ஆர்.ஒய். 4203 ஏ என்று அசல் 6 வோல்ட் ரெகுலேட்டரின் எண்ணோடு தகடு. "பேராதனையில மவுண்ட்பேட்டன் இருந்த காலத்து ஸ்டோர் சாமான் சேர்" என்று கதை வேறு. 1944இல் நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது உண்மைதான். அதற்கும் இந்தப் பெட்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரெகுலேட்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணினால் அம்மீட்டர் முள் பிளஸ் பக்கம் அசையவே இல்லை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் ஜெனரேட்டரைக் கழற்றிக்கொண்டு ரீவைண்ட் கடைக்கு ஓடுவார்கள். ஓட வேண்டாம். ரெகுலேட்டரின் எஃப் (ஃபீல்ட்) முனையில் இருக்கும் வயரைக் கழற்றி, அந்த வயரை மட்டும் பாடியில் எர்த் பண்ணுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஏ முனையில் (ஜெனரேட்டர் வயர் வந்து சேரும் முனை), கறுப்பு பாடியில். இன்ஜினை மெதுவாகக் கூட்டுங்கள். முள் 8 வோல்ட்டைத் தொட்டதும் விட்டுவிட வேண்டும், சில விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. இங்கே 8 வந்தது, அதுவும் பிளஸாகவே வந்தது. அப்படியென்றால் ஜெனரேட்டர் சுகம், துருவமும் சரி. ஆனால் பேட்டரிக்குப் போகும் பி முனையில் பேட்டரியின் 6.2 வோல்ட் மட்டும் சும்மா நிற்கிறது. ஏ முனையில் வந்தது பி முனைக்குக் கடக்கவில்லை. கட்-அவுட், அதாவது பெட்டிக்குள் ஜெனரேட்டரைப் பேட்டரியோடு இணைக்கிற சுவிட்ச், மூடவில்லை.

கழற்றி மேசையில் வைத்து, கூட்டிக் குறைக்கும் பவர் சப்ளையை ஏ முனைக்கும் அடித்தகட்டுக்கும் கொடுத்தேன். 6 வோல்ட் பெட்டி என்றால் ஆறரை அளவில் "டிக்" என்று மூட வேண்டும். 7, 8, 10... சத்தமே இல்லை. 12.8இல்தான் டிக். 12 வோல்ட் ரெகுலேட்டர்! மூடித்தகட்டை நெம்பிப் பார்த்தால் அடியில் வேறொரு தகட்டின் தடம், ரிவிட் ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, சுற்றிவரப் புதுப் பச்சைப் பெயின்ட்.

"சார்ஜ் ஏறாது, அவ்வளவுதானே" என்று இதை அப்படியே மாட்டி ஓட்டிவிடாதீர்கள். இந்தப் பெட்டியில் வோல்ட்டை அடக்குகிற வோல்டேஜ் பொயிண்ட் 14 வோல்ட்டுக்குக் கிட்டப் போகும்வரை திறக்காது. கடிவாளம் இல்லாத ஜெனரேட்டர் வேகத்தில் 12ஐத் தொடும். ஜெனரேட்டருக்குள் காந்தத்தை உண்டாக்கும் 6 வோல்ட் ஃபீல்ட் கொயிலில் இரட்டிப்பு வோல்ட் ஏறினால் கரண்டும் இரட்டிப்பு, சூடு நாலு மடங்கு. மலை ஏற்றத்தில் கீழ் கியரில் ஒரு மணித்தியாலம் போதும், கொயில் கருகிவிடும்.

வயரிங் செட் அதைவிட மோசம். வெளியே அழகான துணி, உள்ளே சாதாரண பிளாஸ்டிக் வயர். ஹெட்லைட்டுக்குப் போகும் பிரதான வயரைப் பிரித்து இழை எண்ணினேன், 14. அது ஒரு சதுர மில்லிமீட்டர். 6 வோல்ட்டில் 45 வாட் லைட் ஒன்றுக்கு ஏழரை ஆம்பியர், இரண்டுக்கும் 15. அதற்கு 0.30 மில்லிமீட்டர் இழை 44 ஆவது வேண்டும், ஜெனரேட்டரிலிருந்து வரும் சார்ஜிங் வயருக்கு 84. அதே வாட்டுக்கு 6 வோல்ட் வண்டி 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், இழப்பைத் தாங்கும் சக்தியோ பாதி. அதனால் அதே விகித இழப்புக்கு வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு நாலு மடங்கு இருக்க வேண்டும். இது தெரியாமல்தான் "வயர் வயர்தானே" என்கிறார்கள்.

ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் தூளாக உதிர்ந்து உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியம், மேலே செம்புப் பூச்சு! நம்ம மழைக்கும் மூடுபனிக்கும் அது முனையிலேயே பூத்துப் போகும். லைட்டைப் போட்டு அளந்தால் பேட்டரியில் 6.2, விளக்கில் 5.2. ஒரு வோல்ட் வழியிலேயே காலி, வெளிச்சம் பாதிக்குக் கிட்டத்தான் மிச்சம். நானுஓயாப் பனிக்குள் அந்த வெளிச்சத்தை நம்பி இறங்கிப் பாருங்கள்.

இனி அவன் பேச்சு. முதல் கோலில் "ஜெனரேட்டரைப் போலரைஸ் பண்ணீங்களா சேர்?" பண்ணியாச்சு. ஜெனரேட்டரின் துருவத்தைச் சரிப்படுத்த, ஸ்டார்ட் பண்ணுமுன் பி முனைக்கும் ஏ முனைக்கும் ஒரு துண்டு வயரைக் கண நேரம் தொட்டு எடுப்பது, அவ்வளவுதான். இரண்டாவது கோலில் "உங்க பாஸ் தப்பாக் கொடுத்து எரிச்சிட்டார்." எரிந்த பெட்டி 12.8இல் சுத்தமாக டிக் போடுமா? மூன்றாவது, "பார்சல் கிடைச்சு 24 மணித்தியாலத்துக்குள்ள சொல்லியிருக்கணும்." பிறகு "நான் கமிஷனுக்குப் போடுறவன், ஓனர் வெளிநாட்டுல." பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். பிறகு அதுவும் இல்லை, பிளாக். வங்கியில் கேட்டால் "நீங்களாகவே அனுப்பின காசுதானே" என்கிறார்கள். கூரியர்காரர் "பெட்டி உடையாமல் வந்ததா? அப்போ எங்க வேலை முடிஞ்சது" என்றார். 186,500 ரூபாவுக்கு யாருமே பொறுப்பில்லை!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ரெகுலேட்டர் என்றால் பவர் சப்ளையில் கொடுத்து, மீட்டரும் பெட்டியும் ஒரே படத்தில் தெரிய, கட்-அவுட் மூடுகிற வீடியோ கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விடுங்கள். வயருக்கு முதலில் அரையடித் துண்டு அனுப்பச் சொல்லிச் சுரண்டிப் பாருங்கள். முழுக்காசும் முன்னால் போடவே வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் செலவழித்துக் கொழும்பில் வாகனப் பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு இறங்கி, கையில் தொட்டு, பில்லோடு வாங்குங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்துக் கேளுங்கள். எழுத்து முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஸ்லிப்பையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.

இன்று காலை தம்பி ஒருவரின் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே ரெகுலேட்டர், அதே மெழுகுத்தாள், வலது மூலையில் அதே கிழிசல். "கடைசி ஒன்று மட்டும்" என்று 72,000 போட்டிருக்கிறான். அந்தக் கிழிந்த பெட்டி இங்கே என் மேசையில் கிடக்கிறது. யாராவது அதற்குக் காசு போட்டிருந்தால் இன்றைக்கே வங்கிக்கு ஓடுங்கள்.